செருப்புத் தோலும் விளக்கெண்ணெயும்

வேடந்தாங்கலில் ஒரு நத்தைகுத்தி நாரை வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏரிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே வரும். மரத்தை நெருங்கியதும் இறக்கை இரண்டையும் அகல விரித்து, உடம்பை நிமிர்த்தி, காலை முன்னால் நீட்டும். அவ்வளவுதான். காற்றே பிரேக். தேய்மானம் கிடையாது. செலவு கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எதையும் மாற்றவேண்டியதும் கிடையாது.

அதைப் பார்க்க சென்னையிலிருந்து காரில் கிளம்பிப் போகிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செங்கல்பட்டைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. ரோடு நேராக, அகலமாக விரிந்து கிடக்கும். முள் தானாக நூறைத் தொடும். படாளம் கூட்டுரோடு வந்து வலது பக்கம் திரும்பவேண்டும். அதற்குள் ஒரு மாடு குறுக்கே வரலாம். ஷேர் ஆட்டோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நிற்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. (பி.காம். படித்தவன் போடுகிற பிசிக்ஸ் கணக்கு. பயப்படாதீர்கள், இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.) ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை முழுசாக நிறுத்தினால் வெளிப்படுகிற சூட்டை வைத்து ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நம் வீட்டு காஸ் அடுப்புக்கு அதற்குப் பல நிமிஷம் ஆகும். கார் அதை நாலு செகண்டில் செய்கிறது. அந்தச் சூடு முழுக்க எங்கே போகிறது? பெரும்பகுதி முன் சக்கரங்களில் இருக்கும் நாலு சின்ன வில்லைகளுக்கும், அவை கடிக்கிற இரண்டு இரும்புத் தட்டுகளுக்கும்.

ஆக, பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற இயந்திரம். பிரேக் பேட் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போகிற நாம் கடையில் கேட்கிற முதல் கேள்வி, ‘செட் எவ்ளோ?’. கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு சூடு தாங்கும் என்பது. இந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டி 130 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையில் ஒரு செருப்புத் தைப்பவர் வருகிறார். விளக்கெண்ணெய் வருகிறது. நம்ம ஊர் பாடி வருகிறது. நடுவே ஒரு பெண்ணின் சாவும் வருகிறது.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் ஒரு மோட்டார் வண்டியைச் செய்து வைத்துக்கொண்டு, அதை யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்களே என்று உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பெர்த்தா, புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியை ஓட்டிப் போய்விட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். வழியில் மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். பள்ளம்தான் பிரச்னை. சக்கரத்தின் மீது அழுத்துகிற மரக்கட்டைதான் அந்த வண்டியின் பிரேக். இறக்கத்துக்கு இறக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. பெர்த்தா ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தி, செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடித்துத் தரச் சொன்னார்.

உலகின் முதல் பிரேக் லைனிங். கண்டுபிடித்தவர் என்ஜினியரின் மனைவி. பொருத்தியவர் செருப்புத் தைப்பவர்.

அடுத்த ஆளும் செருப்பைப் பார்த்துத்தான் யோசித்தார். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட். அந்த மலைப்பக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைச் சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே செருகுவதைக் கவனித்தார். 1897-ல் இதற்கென்றே பருத்தித் துணியில் பிசின் ஊட்டிக் கட்டை செய்து விற்க ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து வைத்த பெயர்தான் ஃபெரோடோ. இன்றைக்கும் கடையில் அந்தப் பெயரில் பேட் கிடைக்கிறது. குதிரை வண்டிக்குப் பருத்தி போதும். மோட்டார் காருக்கு? கருகிவிடும். ஃப்ரூட் வேறு நார் தேடினார். தீயில் போட்டாலும் எரியாத ஒரு நார் பூமிக்குள்ளிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ்.

கல்தான். ஆனால் பஞ்சு மாதிரி பிரியும், நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம். விலை மலிவு. சூட்டுக்கு அசையாது. பிரேக்குக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன வேண்டும்? அடுத்த எழுபது, எண்பது வருஷம் உலகில் ஓடிய கார், லாரி, பஸ் அத்தனையும் நின்றது பெரும்பாலும் இதன் தயவில்தான்.

அந்த நூலைத் திரித்தவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இங்கிலாந்தின் ராச்டேலில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் நூல் திரித்தவர் நெல்லி கெர்ஷா. மூச்சு வாங்குகிறது என்று வேலையை விட்டார். 1924 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 33. நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் வில்லியம் குக், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். இந்த நார்தான் காரணம் என்று மருத்துவ உலகம் பதிவு செய்த முதல் மரணங்களில் ஒன்று. கம்பெனி நஷ்டஈடு தர மறுத்துவிட்டது. கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. அந்த டர்னர் குழுமம்தான் சில வருஷங்களில் ஃபெரோடோவையும் வாங்கிப்போட்டது. வியாபாரம் என்ற அளவில் கச்சிதமான முடிவு. நூலும் அவர்களுடையது, பிரேக்கும் அவர்களுடையது.

ஆஸ்பெஸ்டாஸின் சூட்சுமம், அது உடனே கொல்லாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் காத்திருக்கும். பிறகு நுரையீரல் இறுகும், அல்லது புற்றுநோய் வரும். 1995 ஜனவரியில் நம் சுப்ரீம் கோர்ட் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வுபெற்று 15 வருஷம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை பத்திரப்படுத்த வேண்டும் என்றது. 40 வருஷம் என்று கோர்ட் சும்மா சொல்லவில்லை. பிரிட்டன் 1999-ல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. அமெரிக்கா 1989-ல் தடை போட்டது, 1991-ல் கோர்ட் அதை உடைத்தது, திரும்ப 2024 மார்ச்சில்தான் பிரேக் உள்பட வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குக் கதவைச் சாத்த முடிந்தது. இந்தியாவில் இன்றுவரை முழுத் தடை இல்லை. பெரிய கம்பெனிகள் தாமாகவே விட்டுவிட்டன. பெயரில்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்பது, செய்தவருக்குத்தான் வெளிச்சம்.

இப்போது உங்கள் தெரு மெக்கானிக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றுவார். டிரம்மைத் தட்டுவார். உள்ளே சாம்பல் மாதிரி தூசு. என்ன செய்வார்? ஏர் பைப்பை எடுத்து ‘புஸ்ஸ்’ என்று அடிப்பார். பைப் இல்லையென்றால் வாயால் ஊதுவார். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு பையன் நிற்பான். ‘தண்ணி தெளிச்சு ஈரத் துணியால துடைச்சிடுங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசு செலவில்லாத காரியம்.

சரி, பாடிக்கு வருவோம். 1953-ல் மத்திய அரசு, இங்கே படிப்படியாக உற்பத்தி செய்கிறவர்களுக்குத்தான் கார் தொழில், வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுக்கிறவர்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சியவர்களுக்கு ஸ்க்ரூவிலிருந்து பிரேக் வரை இங்கேயே வேண்டும். மெட்ராஸில் ஆள் இருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். வண்டலூர் பக்கம், அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். 1962-ல் டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் கிர்லிங்கோடு சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்தது. அதே வருஷம், லாரி, பஸ்ஸுக்கு ஏர் பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன். 1964-ல் அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங்ஸ். 1974-ல், பின்னாளில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று பெயர் மாறிய கம்பெனி.

மதுரையில் 1911-ல் பஸ் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் வாரிசுகளுக்கு பிரேக்கின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் இவர்கள் சாதித்தது வேறு ரகம். தரத்துக்கு ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசு இருக்கிறதே, அதை 1998-ல் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு வாங்கியது. 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 2003-ல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படப் பிரிவும், ரானே பிரேக் லைனிங்கும். ஐந்து வருஷத்தில் ஒரே ஊரைச் சேர்ந்த நாலு பிரேக் கம்பெனிகள்! ஐ.டி. பற்றிப் பேசினால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது, இதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வேடந்தாங்கல் போகிற அதே சாலையில் மதுராந்தகத்தையும் தாண்டிப் போனால் செய்யூர் பக்கம் பொலம்பாக்கத்தில் பிரேக்ஸ் இந்தியாவின் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. பறவை பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது பேட் கதை. பிரேக் ஆயிலுக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில், அது ஆயிலே இல்லை. ஆரம்ப காலக் கார்களில் பெடலிலிருந்து சக்கரத்துக்குக் கம்பியும் கயிறும்தான் போகும். ஒரு பக்கம் கயிறு தளர்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர், கயிறுக்குப் பதில் குழாயில் திரவம் வைத்தால் என்ன என்று யோசித்தார். திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் நாலு முனையிலும் சமமாக அழுத்தும். (விமானக் கம்பெனி லாக்ஹீட் இருக்கிறதே, அது இவர் தம்பியுடையது.) 1921-ல் டூசன்பர்க் காரில் அது வந்தது. 1924-ல் க்ரைஸ்லரில் வந்ததும் ஊர் முழுக்கப் பரவியது.

குழாய்க்குள் என்ன ஊற்றுவது? மண்ணெண்ணெய் வகைகள் ரப்பரை ஊதிப்போக வைத்துவிடும். தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும். பல வருஷம் கார்களுக்குள் ஓடியது எது தெரியுமா? விளக்கெண்ணெய்! ஆமணக்கிலிருந்து எடுக்கிற சாட்சாத் அதே எண்ணெயில் ஆல்கஹால் கலந்த கலவை. ரப்பருக்குக் கெடுதல் செய்யாது, வழவழப்பும் உண்டு. ‘பிரேக் ஆயில்’ என்கிற பேச்சுக்கு அப்போது அர்த்தம் இருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் கலவை சீக்கிரமே கொதித்துவிடும். வண்டிகளின் வேகம் கூடக் கூட, கிளைக்கால் வகை ரசாயனங்கள் வந்தன. இன்றைக்கு டாட் 3, டாட் 4 என்று பாட்டிலில் போட்டு வருகிறதே, அது இந்த ஜாதி. என்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ இதில் தவறிப்போய் ஊற்றினால் ரப்பர் சீல் அத்தனையும் காலி.

கொதித்தால் என்ன? அதுதான் விஷயமே. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. கொதித்தால் குமிழி வரும். குமிழியை அமுக்கலாம். நீங்கள் பெடலை மிதிப்பீர்கள், அது ஸ்பாஞ்ச் மாதிரி தரைவரை போகும். குமிழிதான் சுருங்கும். வண்டி நிற்காது.

புது டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. டாட் 4 என்றால் 230. நல்ல எண்கள். ஆனால் கிளைக்காலுக்கு ஒரு கெட்ட குணம். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். மூடியின் சின்னத் துவாரம் வழியாக, ரப்பர் ஹோஸ் வழியாக, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக. நூற்றில் மூன்றே முக்கால் பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே டாட் 3-ன் கொதிநிலை 140-க்கும், டாட் 4-ன் கொதிநிலை 155-க்கும் வந்துவிடலாம். அதுவரை விதியே அனுமதிக்கிறது. நம் மாமல்லபுரம், கல்பாக்கம் கடற்கரையை யோசியுங்கள். துவைத்த துணியே காயாமல் பிசுபிசுக்கிற காற்று. ராத்திரி கடலோரம் நிறுத்திய கார், காலையில் முதல் பிரேக் போடும்போது ‘கர்ர்ர்’ என்கிறதே, அது டிஸ்க்கில் ஒரே இரவில் பூத்த துரு. அது நாலு மிதியில் போய்விடும். உள்ளே திரவம் குடித்த தண்ணீர் போகாது.

சமவெளியில் இது தெரியவே தெரியாது. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே மலை ஏது? பெடல் கல்லு மாதிரி இருக்கும். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து, ‘ஆயில் லெவல் கரெக்டா இருக்கு சார், எதுக்கு வீண் செலவு’ என்பார். அவர் பார்த்தது அளவை. கொதிநிலையைக் கண்ணால் பார்க்க முடியாது. மே மாச லீவு வரும். நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவு அல்லது கொல்லிமலையின் 70. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வருவோம். பத்தாவது வளைவில் பெடல் தளரும். கடற்கரையில் வருஷக்கணக்காகக் குடித்த தண்ணீர், மலையில் ஆவியாகும். ஊட்டி கல்லட்டி இறக்கத்தில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

பேடுக்கும் இதே நியாயம்தான். அம்பாசடர் காலத்து டிரம் பிரேக் மூடிய பானை. சூடு வெளியே போகாது, பானை விரியும், ஷூவுக்கும் அதற்கும் இடைவெளி கூடும், பெடல் கீழே போகும். 1902-லேயே லான்செஸ்டர் என்கிற ஆங்கிலேயர் திறந்த தட்டைக் கடிக்கிற டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தாமிர வில்லை போட்ட ‘கிறீச்’ தாங்காமல் அது எடுபடவில்லை. 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் வீடுகளுக்கு மாருதி காலத்தில்தான் வந்தது.

பந்தயத்தில் ஜெயித்தது என்றதும் சிலர் பந்தயப் பேடே வாங்கிப் போடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டினால் சரி. அந்த வகைப் பேட் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போகிறவருக்கு அது எங்கே சூடேறப்போகிறது? சாதாரணப் பேடில் மூன்று ஜாதி. நாரும் பிசினும் கலந்த ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ரகம் மென்மை, சத்தமில்லை. இரும்புத் துகள் கலந்தது சூடு தாங்கும், ஆனால் கொஞ்சம் கத்தும், டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். செராமிக் சுத்தம், விலை கூடுதல். என்னைக் கேட்டால், கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிற அதே தயாரிப்பாளரின் பேடை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியபோது, அந்தக் கார்க்காரர்கள் பலருக்குக் கவலை. பிரேக்கைப் பொறுத்தவரை அதில் பாதி தேவையில்லாதது. கார் கம்பெனிகள் பேடைத் தாமே செய்வது அபூர்வம்.

நல்ல தயாரிப்பாளர்கள் பலர் பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடிப்பார்கள். முதல் எழுத்து குளிர்ந்திருக்கும்போது உள்ள பிடிப்பு, இரண்டாவது சூடானபின் உள்ள பிடிப்பு. ‘எஃப் எஃப்’ என்றால் இரண்டிலும் ஒரே தரம். ‘எஃப் ஈ’ என்றால் சூடேறினால் பிடிப்பு ஒரு படி இறங்கும். கடைக்காரர் விலையைச் சொல்வதற்குள் இதைப் பார்த்துவிடலாம். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான். உரசும் பகுதி மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். புதுப் பேட் போட்ட முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாகவே பிரேக் போடுங்கள், டிஸ்க்கோடு படியட்டும். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்கிறீர்களா? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. தேய்ந்துபோன பேடுக்கு அதனால் பிடிப்பைத் தரமுடியாது.

பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றவேண்டியது, பெடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும். மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிப்பது கணக்கில் சேராது. எந்த ரகம் என்று டப்பா மூடியிலேயே போட்டிருக்கும். டாட் 3 கேட்கிற வண்டியில் டாட் 4 ஊற்றலாம், தப்பில்லை. டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கான், வேறு ஜாதி. டாட் 5.1 என்று ஒன்று இருக்கிறது, அது பழைய கிளைக்கால் ஜாதியேதான். இப்படிப் பெயர் வைத்த புண்ணியவானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஊற்றும்போது பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாற்றி முடித்ததும் பாட்டிலில் கால்வாசி மிஞ்சும். ‘ஷெட்லயே இருக்கட்டும் சார், அடுத்த தடவைக்கு ஆகும்’ என்பார் மெக்கானிக். திறந்த பாட்டில், அடுத்த தடவைக்குள் அதன் பங்குத் தண்ணீரைக் குடித்துவிடும். புது பாட்டில், சீல் உடைக்காதது, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.